ரோஷன் ஹோம் ரன் அடித்த கோடை

போன மாதம் புதிய அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். விளையாட்டு வீரர்களிடம் சிறுநீரும் இரத்தமும் எடுத்து, ஊக்கமருந்து பாவித்திருக்கிறார்களா என்று பார்க்க ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் நான் செய்த வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. நாங்கள் மூன்று பிரதி விழும்படி பேனாவை அழுத்தி எழுதிய படிவங்கள் இப்போது இல்லை. எல்லாம் ரப்லெற் திரையில். ஒரு துளி இரத்தத்தைக் காகிதத்தில் காயவைத்து அனுப்பினாலே போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

வகுப்பு முடிவில் ஒரு பெண் எழுந்து, நான் எடுத்ததிலேயே கஷ்டமான ரெஸ்ற், அதாவது பரிசோதனை, எது என்று கேட்டாள். சிறுநீர் வராமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு நீச்சல் வீரனின் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நடந்ததுதான், ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. பதிலை இங்கே எழுதுகிறேன். அந்தப் பதிலில் வருகிற பையனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மன்னாரில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். மெல்பேர்னுக்கு வந்து பல வருடம் டண்டினோங்கில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தினேன். பிறகு ஒரு விளம்பரத்தைப் பார்த்து இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். நாலு நாள் வகுப்பு, ஒரு வருடம் மேற்பார்வை. என்னை மேற்பார்த்தவர் ஹெலன்; அந்த வருடம் முடிந்த பிறகும் எங்கள் படிவங்களைச் சரிபார்ப்பவர் அவர்தான்.

ஹெலன் முன்பு பொலிஸில் இருந்தவர். மெலிந்த உடம்பு, நரைத்த குட்டை முடி. கைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு அடிமட்டம், கோடு போடும் அளவுகோல், இருக்கும். நாங்கள் நிரப்பிய படிவத்தின் மேல் அதை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவார். பிழை இருந்தால் திட்டமாட்டார். அடிமட்டம் அந்த வரியில் நின்றுவிடும். நாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை அது அசையாது.

முதல் வாரத்தில் ஒரு படிவத்தில் "வீரர் பதற்றமாக இருந்தார்" என்று எழுதியிருந்தேன். அடிமட்டம் நின்றது.

"பதற்றத்தை எங்கே பார்த்தீர்கள், பெனடிக்ற்?"

"கால் ஆடிக்கொண்டே இருந்தது."

"அப்படியானால் கால் ஆடியது என்று எழுதுங்கள். கண் கண்டதைப் படிவத்தில் போடுங்கள். மனம் கண்டதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

அவருடைய இன்னொரு கட்டளை, வீரரின் உடம்பைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்பது. நாங்கள் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் ஒரு வழக்கையே உடைத்துவிடுவார்கள். பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கட்டளையை நான் மீறியதில்லை.

அந்தப் பையன், ரோஷன், விளையாடியது பேஸ்போல். அது தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி, பந்து வேலிக்கு வெளியே பறந்தால் அது ஹோம் ரன். அதை அடிக்க மலை மாதிரி ஆட்கள் இருப்பார்கள். ரோஷன் அந்த வகை இல்லை. எந்தப் பந்து வந்தாலும் மட்டையால் தொட்டுவிடுவான். தொட்டு, இரண்டு பேருக்கு நடுவில் பந்தை விழுத்திவிட்டு மைதானத்தின் நாலு மூலைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு ஓடிவிடுவான். ஒல்லியான ஆள், முப்பத்தொரு வயது, வார நாட்களில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஏழு வருடம் விளையாடியும் அவனுடைய ஹோம் ரன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இங்கே டிசம்பரில்தான் கோடை. அந்தக் கோடையில் கிறிஸ்மஸ் வருவதற்குள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டான். எதிர் அணிகள் முணுமுணுக்கத் தொடங்கின. எங்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தது.

டிசம்பர் கடைசியில் முதல் ரெஸ்ற்றுக்குப் போன நாளில் ஆட்டம் முடியும்வரை வீரர்கள் உட்காரும் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். நல்ல வெயில். எட்டாவது சுற்றில் அவன் மட்டையோடு போனான். பந்து வந்தது. மட்டை சுழன்றதை நான் பார்க்கவில்லை, சுழன்று முடிந்திருந்ததைத்தான் பார்த்தேன். கனமான கதவொன்றைச் சாத்தினால் வருகிற சத்தம் ஒன்று வந்தது. பந்து வலது பக்க வேலிக்கு மேலாகப் போய், ஓடைக்கரையில் வெட்டாமல் விட்டிருந்த புல்லுக்குள் விழுந்தது. மைதானப் பணியாளர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். "அவன் அடிக்கிறது எல்லாம் அங்கேதான் போய் விழுது" என்றார். அவர் கைதட்டவில்லை.

ஹோம் ரன் அடித்தவன் நாலு பேஸையும் சுற்றி ஓடி வரும்போது கூட்டாளிகள் ஓடி வந்து தலையில் தட்டுவார்கள். ரோஷன் நிலத்தைப் பார்த்தபடி ஓடினான். கொட்டிலுக்குள் வந்ததும் இரண்டு பேர் கையை நீட்டினார்கள். அவன் போய் வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இருந்தவர் கையுறையை எடுத்துக்கொண்டு மற்ற ஓரத்துக்குப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் நான் போய்ப் பரிசோதனைக்கான அறிவித்தலைக் கொடுத்தேன். அந்த நேரத்திலிருந்து வீரர் எங்கள் கண்ணை விட்டு மறையக்கூடாது. அறைக்குக் கூட்டிப்போனேன். மூடி முத்திரையிட்ட கிண்ணங்களில் ஒன்றை அவனே தெரிவு செய்ய வேண்டும். சோப் இல்லாமல் வெறும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். பிறகு சேர்ட்டை நெஞ்சுவரை உயர்த்தி, சட்டைக்கையை முழங்கைவரை மடித்து, காற்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, என் கண் முன்னாலேயே சிறுநீர் கழிக்க வேண்டும். பெரிய பெரிய வீரர்களெல்லாம் அந்த இடத்தில் கூனிப்போய் நிற்பார்கள். ரோஷன் கூசவில்லை. தன்னுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாதிரியை இரண்டு போத்தல்களில் ஊற்றி மூடியை இறுக்கும்போது, கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்கும். ஒரு முறை இறுகினால் உடைக்காமல் திறக்க முடியாது. அந்தச் சத்தத்தை அவன் கவனித்துக் கேட்டான். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அங்கிள், நீங்க தமிழா?" என்றான்.

"அலுவலர் என்று கூப்பிடுங்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதுக்குள்ள ஏதாவது இருக்கும், என்ன?" போத்தலைக் காட்டினான். "இருக்கும் எண்டு சொல்லுங்கோ, ப்ளீஸ்."

நான் படிவத்தை அவன் பக்கம் தள்ளினேன். படிவத்தின் கடைசியில் வீரர் தன் கருத்தை எழுத ஓர் இடம் உண்டு. முறைப்பாடு எழுதுவதற்கான இடம் அது. அவன் அதில் ஆங்கிலத்தில் எழுதினான்: நீங்கள் அதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த நாள் ஹெலனின் அடிமட்டம் அந்த வரியில் வந்து நின்றது. பிழை எதுவும் இல்லை, ஆனாலும் அது நகர நேரமெடுத்தது.

ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மாதிரி சுத்தம் என்று பதில் வந்தது. உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று அவன் மட்டைகளைப் பேஸ்போல் சங்கத்துக்காரர்கள் வாங்கிக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நல்ல மரம்.

ஜனவரியில் இரண்டாம் முறை போனேன். இந்த முறை இரத்தமும் எடுக்க வேண்டும். அதற்கு முன் வீரர் பத்து நிமிடம் அசையாமல் கதிரையில் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் சில விஷயங்களைக் கண்டேன். ஏசி குளிர் கையைக் கடித்தது, ஆனால் அவன் நெற்றியிலிருந்து வியர்வை படிவத்தில் சொட்டியது. போன முறை போட்டிருந்த மோதிரம் இல்லை. அந்த விரலில் வெள்ளைத் தழும்பு மாதிரி ஒரு வளையம். நான் பார்ப்பதைக் கண்டு, "இறுகிப்போச்சு. கடையில குடுத்து வெட்டி எடுத்தனான்" என்றான். மருந்து விபரம் கேட்டபோது தலையிடிக்குத் தினமும் பனடோல் என்றான். குரல் டிசம்பரில் கேட்ட குரலைவிடக் கட்டையாக இருந்தது.

பத்து நிமிடம் முடிய முன்னே அவனாகவே சொன்னான். அரை ஆங்கிலம், அரைத் தமிழ்.

"நான் சும்மா தொடத்தான் போறன், அங்கிள். எப்பவும் போல. கிறவுட் தெரியிறேல்லை. மற்ற பிளேயேர்ஸ் தெரியிறேல்லை. ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி பந்து மட்டும் வருது. பிறகு பாத்தா பந்து இல்லை. எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு நிக்கினம். ஓடு, ஓடு எண்டு கத்துகினம். நான் ஓடுறன்."

"நேரம் முடிந்தது. கையை நீட்டுங்கள்" என்றேன். ஊசியை ஏற்றி இரத்தம் எடுத்தேன். அது எனக்குப் பழகிப்போன வேலை. போகும்போது அவன் தோள் கதவு நிலையில் நன்றாக இடித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். யாரோ ஆள் நிற்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

அதன் முடிவும் சுத்தம்.

அடுத்த ஞாயிறு நோபல் பார்க் தேவாலயத்தில் பூசை முடிந்து காரை எடுக்கப் போனேன். ஒரு பெண் பின்னால் வந்தார். அறுபது வயது இருக்கும். முகத்தைக் கோவிலில் கண்டிருக்கிறேன், பேசியதில்லை.

"அண்ணை, நான் ஸ்டெல்லா. ரோஷன்ர அம்மா. ஒரு தமிழ் அங்கிள்தான் வாறவர் எண்டு சொன்னவன். விசாரிச்சுப் பாத்தன், நீங்கள்தான் எண்டிச்சினம்."

"தங்கச்சி, நான் அதைப்பற்றிக் கதைக்கக் கூடாது."

"நீங்கள் கதைக்க வேண்டாம். நான் சொல்லுறன், கேளுங்கோ." அவர் என் கார்க் கதவில் கையை வைத்துக்கொண்டார். "அவன் என்னவோ எடுக்கிறான், அண்ணை. முகம் மாறிக்கொண்டு போகுது. தாடை நீண்டு போச்சு. பல்லுக்கு நடுவில இடைவெளி வந்திருக்கு. சப்பாத்து சைஸ் ரெண்டு கூடிப்போச்சு, இந்த வயசில ஆருக்குக் கால் வளரும்? போனில அம்மா எண்டு கூப்பிட்டான். ஆர் கதைக்கிறது எண்டு கேட்டுப்போட்டன். என்ர பிள்ளையை நானே ஆர் எண்டு கேட்டனான்." கார்க் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அவனைப் பிடிச்சுப்போடுங்கோ, அண்ணை. விளையாட்டு இல்லாமல் போனாலும் காரியமில்லை. பிடிச்சால் நிப்பாட்டுவான் தானே?"

நான் கதவைத் திறந்து ஏறிக் காரை எடுத்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அந்த ஞாபகம் வந்தது. டண்டினோங்கில் வேலை செய்த காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் குடுக்க வரும் ஒரு பஸ் சாரதி. தன் பழைய லைசென்ஸ் படத்தைக் காட்டி, இது நான்தான் என்றால் நம்புவாயா என்று கேட்பார். அவருக்கு மூளைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி. அது வளர்ச்சிக்கான சுரப்பைக் கூட்டிவிட, கையும் காலும் முகமும் பெருத்துக்கொண்டே போகும். கட்டி பெருத்தால் கண் நரம்பை அழுத்தும். முதலில் இரண்டு பக்கப் பார்வையும் போகும். நடுவில் இருப்பது மட்டும் தெரியும்.

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். விளக்கு பச்சைக்கு மாறியிருந்தது.

திங்கள் காலை ஹெலனிடம் போய் ஸ்டெல்லா வந்ததைச் சொன்னேன்.

"பதில் சொன்னீர்களா?"

"இல்லை."

"அதை எழுதித் தாருங்கள்."

அதை எழுதினேன். இன்னொரு தாளில், படிவத்துக்கு மேலதிகமாக, நான் பார்த்தவற்றையும் எழுதினேன். மோதிரத் தழும்பு, வியர்வை, குரல், இடது தோள் கதவில் இடித்தது. என்ன நோய் என்று எழுதவில்லை. அடிமட்டம் மெல்ல மெல்ல இறங்கியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். "மருத்துவ ஆலோசகருக்கு அனுப்புகிறேன். அவர் விடுமுறையில் இருக்கிறார். சில வாரம் ஆகும். அதுவரை நீங்கள் அந்த வீரரிடம் எதுவும் சொல்லக்கூடாது."

"அவன் வேலைக்கு வான் வண்டி ஓட்டுகிறவன், ஹெலன்."

"நான் சொன்னது கேட்டதா?"

கேட்டது என்றேன்.

மூன்றாவது ரெஸ்ற்றுக்கு ஹெலனும் கூட வந்தார். அது பெப்ரவரி, சனிக்கிழமைப் பகல் ஆட்டம். நாலாவது சுற்று முடிந்து வீரர்கள் இடம் மாறும்போது, கூட்டாளி ஒருவன் வலப்பக்கமிருந்து ரோஷனுக்குப் பந்தைச் சும்மா எறிந்தான். மெதுவான எறிதான். ரோஷன் திரும்பவில்லை, கையைத் தூக்கவில்லை, கண்ணைச் சிமிட்டவும் இல்லை. பந்து காதுக்கு மேலே பட்டது. அவன் தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்தான். பந்து எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள்.

அடுத்த சுற்றில் மட்டையோடு போய் முதல் பந்தையே ஓடைக்கரைப் புல்லுக்குள் அடித்தான். அந்த முறை யாரும் கையை நீட்டவில்லை. பந்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வாங்கிக்கொண்டு போவது போலிருந்தது எனக்கு. ஹெலன் என் பக்கத்தில்தான் நின்றார். "நானும் பேஸ்போல் பார்த்திருக்கிறேன்" என்றார். "இது அது இல்லை."

அறைக்குள் போனோம். ஹெலன் மேசையில் படிவத்தோடு இருந்தார். ரோஷன் கிண்ணத்தைத் தெரிவு செய்யக் கையை நீட்டினான். ஓரத்தில் இருந்தவை அவனுக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்ததை எடுத்தான். அந்தக் கை என் இரண்டு கை அளவு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நான் பார்த்த கை அதுவல்ல.

"இந்த முறையும் ஒண்டும் இராது, என்ன அங்கிள்?" என்றான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நான் தமிழில் சொன்னேன். "தம்பி, நேர பார். தலையைத் திருப்பாமல் நேர பார்." என் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு இரு பக்கமும் நீட்டி விரல்களை ஆட்டினேன். "என்ர விரல் தெரியுதே?"

"எந்த விரல்?"

"நாளைக்கே டொக்டரிட்டப் போ. தலைக்குள்ள ஸ்கான் எடுக்கச் சொல்லு. கண் நரம்பு எண்டு சொல்லு. நீ ஒண்டும் எடுக்கேல்லை. எனக்குத் தெரியும். வான் ஓட்டாத. இண்டைக்கே நிப்பாட்டு."

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கைகள் எங்கே இருந்தன என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை வைத்தார்.

"பெனடிக்ற், வெளியே போங்கள்."

போனேன். அன்றைய ரெஸ்ற்றை வேறொரு ஆண் அலுவலரை வரவழைத்து முடித்தார். என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதமும் களவேலை இல்லை, களஞ்சிய அறையில் பெட்டிகளை எண்ணினேன். ஹெலன் அதற்குப் பிறகு என்னோடு வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை.

பிறகு நடந்ததை ஸ்டெல்லாதான் சொன்னார். ஞாயிறு முழுக்க ரோஷன் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். போகலாமா, வேண்டாமா என்று. பின்னேரம் ஒரு போன் வந்திருக்கிறது. "ஒரு வெள்ளைக்கார மனிசி, அண்ணை. பேர் சொல்லேல்லை. திங்கள் காலமை ஒன்பது மணிக்கு இந்த டொக்டரிட்டப் போங்கோ, நான் கதைச்சுப்போட்டன், காரில மற்ற ஆக்கள் கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டா." அது யார் என்று நான் ஸ்டெல்லாவுக்குச் சொல்லவில்லை. ஹெலனிடமும் கேட்கவில்லை.

கட்டி மொச்சைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்ததாம். மூக்குக்குள்ளால் போய் எடுத்தார்கள். ஆய்வுகூடம் தேடியது வெளியிலிருந்து ஏற்றிய சுரப்பை. இவனுடையது இவன் உடம்பே சுரந்தது. அதனால்தான் எல்லாம் சுத்தம் என்று வந்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கண் திரும்பியிராது என்றாராம் சத்திரசிகிச்சை நிபுணர்.

அவரிடம் ரோஷன் ஹோம் ரன்களைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அவர் பேஸ்போல் பார்க்கிறவர். இந்தக் கட்டி ஆறேழு வருடமாக வளர்ந்திருக்கும், ஒரு கோடைக்குள் வந்ததல்ல என்றார். இந்த நோயில் தசை பெருக்கும், ஆனால் பெலன் குறையும், மூட்டு நோகும் என்றார். பக்கப் பார்வையும் இல்லாதவன் முன்பைவிட மோசமாக விளையாடியிருக்க வேண்டும். "அந்த ஹோம் ரன்களுக்கு என்னிடம் விளக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த கோடை அவன் பெரிய அணியில் இல்லை. தென்கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளப்புக்கு விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றுவிட்டதால் போகத் தடையில்லை. வேலியோரம் இருபது முப்பது பேர் இருந்திருப்பார்கள். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது, தாடை மட்டும் அப்படியே. நாலு முறை மட்டையோடு வந்தான். நாலு முறையும் பந்தைத் தொட்டான். இரண்டு முறை ஆட்களுக்கு நடுவில் விழுத்திவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். ஒரு பந்தும் வேலிப் பக்கம் போகவில்லை. ஸ்டெல்லா மடக்குக் கதிரையில் இருந்து ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் என்னைக் கண்டு வந்தான். நான் பக்கவாட்டில்தான் நின்றேன், கண்டுபிடித்துவிட்டான்.

"ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிக்கேக்க அம்மா சைட்ல நிண்டவ. திரும்பாமலே தெரிஞ்சது. அழுதிட்டன், அங்கிள்."

"இப்ப சந்தோசமா இருக்கிறீரா?"

"ஓம்." கொஞ்சம் யோசித்தான். "ஒண்டு காட்டட்டா?"

போனை எடுத்தான். அந்தக் கோடையில் யாரோ வேலியிலிருந்து எடுத்த வீடியோ. ரோஷன் மட்டையோடு நிற்கிறான். வேகத்தைக் குறைத்து வைத்திருந்தான். எறிகிறவனின் கை தலைக்குப் பின்னால் போகிறது. பந்து இன்னும் அவன் விரல்களுக்குள்ளேதான் இருக்கிறது. மட்டை அசையத் தொடங்கிவிட்டது. பந்து எங்கே வரப்போகிறது என்று எறிகிறவனுக்கே தெரிய முன், அந்த இடத்துக்கு மட்டை புறப்பட்டுவிட்டது. வீடியோவுக்குள் ரோஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மட்டையோட நிக்கேக்க நான் சிரிக்கிறேல்லை" என்றான். "ஒருநாளும் இல்லை. பழைய வீடியோ எல்லாம் பாத்திட்டன். இந்த ஹோம் ரன் வீடியோ எல்லாத்திலயும் இப்பிடித்தான். அந்தச் சிரிக்கிறவனுக்குப் பந்து எங்க வரும் எண்டு முதலே தெரியுது."

எனக்கு முதுகில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. "டொக்டருக்குக் காட்டினீரா?" என்றேன்.

"இல்லை."

"ஏன் தம்பி?"

அவன் திரையைத் துடைத்தான். படம் அந்தச் சிரிப்பில் நின்றிருந்தது.

"காட்டினா தேடிப் பாத்து, உள்ளுக்க மிச்சம் இருக்கிறதையும் எடுத்துப்போடுவினம்" என்றான்.

ஸ்டெல்லா காருக்குள் இருந்து கூப்பிட்டார். அவன் போனைக் காற்சட்டைப் பையில் போட்டுவிட்டு, "வாறன் அம்மா" என்று சொன்னான். எனக்குத் தெரிந்த ரோஷனின் எந்தக் குரலும் அது இல்லை. ஸ்டெல்லா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.